மடிப்புக் கலையாத பனியன்

வெள்ளியம்பட்டி கபடிக் குழு தொடர்ந்து ஒன்பது ஆட்டத்தில் மண்ணைக் கவ்வியது. ஒன்பதையும் கோட்டோரம் நின்று பார்த்தவள் இஸ்திரி வண்டிக்காரி செல்லக்கிளி. ஆடுகிற ஏழு பேரின் பனியனையும் துவைத்துத் தேய்ப்பவள் அவள்தான். அவளுக்கு ரொம்ப நாளாகவே ஒரு சந்தேகம்.

பத்தாவது ஆட்டமும் போனது. முடிந்த கையோடு, குழுவை நடத்தும் ஊர்த்தலைவர் சங்கிலிராசு களத்திலேயே ஊரைக் கூட்டினார்.

"குழுவைப் புதுசாக் கட்டப்போறேன். ஏழு பேர்ல அந்த நாலு கூலிக்காரப் பயலுகளையும் தூக்கியாச்சு!"

"தப்பான ஆளைத் தூக்குறீங்கய்யா," என்றாள் செல்லக்கிளி.

தலைவருக்குச் சுருக்கென்றது. "நீ பெரிய கோச்சு! உருப்படாதவன் எவன்னு காட்டு பார்ப்போம். ஆனா ஒருத்தன் பேரைச் சொன்னாலும் உனக்கு இந்த வேலை கிடையாது."

செல்லக்கிளி அப்போதுதான் கட்டிய அழுக்கு மூட்டையை அவிழ்த்து, பனியன்களைத் தன் வண்டி மேசையில் விரித்தாள். நாலு பனியன் செம்மண் அப்பி, கிழிந்து, நிறமே தெரியவில்லை. மூன்றில் காலையில் அவள் போட்ட இஸ்திரி மடிப்புக்கூடக் கலையவில்லை.

தலைவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "மண்ணே ஒட்டாம நின்ன இந்த மூணு பேருக்கும் இனி குழுவில இடமில்ல!" என்று ஊர் கேட்கக் கத்திவிட்டு, பனியன்களைத் திருப்பினார்.

முதுகில் ஒன்று, இரண்டு, மூன்று. அவர் மகனுக்கும் மருமகனுக்கும் மச்சினனுக்கும் அவரே அடம்பிடித்து வாங்கிக்கொடுத்த எண்கள்.

"நான் யார் பேரையும் சொல்லலீங்கய்யா," என்ற செல்லக்கிளி பவ்யமாகக் கேட்டாள்: "இந்த மூணையும் துவைக்கணுமா, இல்ல அப்படியே மடிச்சு உங்க வீட்டுக்கு அனுப்பிடவா?"