கேஸ் இல்லாத ஆளைத் தேடிய கதை

குருவிக்கரட்டில் மொத்தம் பத்து வீடு. பத்து வீட்டையும் சல்லடை போட்டு அரித்தாலும் ஒரு கைப்பிடி மூளை தேறாது. இதில் மறைக்க ஒன்றும் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சர்வேயர் ஒருவர் வந்து ஒச்சப்பனின் கடலைக் கொல்லையில் டேப்பை இழுத்து அளந்தார். அளந்து முடித்து டேப்பைச் சுருட்டினார். நிலத்தைத்தான் சுருட்டிக்கொண்டு போகிறார் என்று ஊரே திரண்டுவிட்டது. ஆம்பளைகள் அடித்தார்கள். பொம்பளைகள் கட்டை எடுத்துக் கொடுத்தார்கள். சர்வேயருக்குக் கை முறிந்தது. குழந்தைகள் தவிர ஊரில் ஆண் பெண் ஒருத்தர் பாக்கியில்லாமல் ஒரு வருஷம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தார்கள்.

வந்ததும் ஒச்சப்பன் மறுபடி கடலை போட்டான். நன்றாகவே காய்த்திருந்தது. பிடுங்க இன்னும் பத்து நாள். ஒரே தொந்தரவு, காட்டுப்பன்றி. அதை விரட்டத்தான் லைசென்ஸ் வாங்கிய பழைய துப்பாக்கி ஒன்று வீட்டு மூங்கில் தட்டியில் தொங்கியது.

அந்த நேரம் பார்த்து ஏட்டையா வந்தார்.

"இந்தா ஒச்சப்பா, தண்டனை வாங்கினவன் வெளிய வந்து அஞ்சு வருஷத்துக்குத் துப்பாக்கி வச்சிருக்கக் கூடாது. தொடவும் கூடாது. உன் வீட்டுக்குள்ள அது இருக்கவே கூடாது. நாளைக்கு அது ஸ்டேஷனுக்கு வந்து சேரணும். இல்லேன்னா மறுபடி உள்ள போயிருவ."

உள்ளே போய்விட்டால் கடலையை யார் காப்பாற்றுவது? ஒச்சப்பன் மச்சினன் மொக்கையனையும் பக்கத்து வீட்டுச் சடையாண்டியையும் கூப்பிட்டு உட்காரவைத்தான்.

"தொடாம எப்படி அதை வீட்டை விட்டு எடுக்கிறது?"

மொக்கையன் கண்ணை மூடி ரொம்ப நேரம் யோசித்தான். தூங்கிவிட்டான் என்று நினைத்தார்கள். இல்லை.

"துப்பாக்கிய எதுக்கு மச்சான் எடுக்கணும்? வீட்டை எடுத்துட்டாப் போச்சு."

சாயங்காலத்துக்குள் கூரையைப் பிரித்தார்கள். மூன்று பக்கத் தட்டியை அவிழ்த்து அடுக்கினார்கள். நாலாவது தட்டி மட்டும் நின்றது, அதில் துப்பாக்கி தொங்கியது. சுற்றிலும் வெட்டவெளி.

"நான் எங்கய்யா சோறாக்குவேன்?" என்றாள் ஒச்சப்பன் பெண்டாட்டி பவளம்.

"சட்டத்துல அடுப்பைப் பத்தி ஒண்ணும் சொல்லல. நீ பாட்டுக்கு ஆக்கு."

மறுநாள் மூன்று பேரும் தட்டியைத் துப்பாக்கியோடு தூக்கிக்கொண்டு புறப்பட்டார்கள். பஸ்ஸில் ஏற்றவில்லை. ஒன்பது கிலோமீட்டர் நடந்தார்கள். ஸ்டேஷன் வாசலில் தட்டி நுழையவில்லை. நேராக, சாய்வாக, தலைகீழாக எல்லாம் பார்த்துவிட்டார்கள். மொக்கையன் ஸ்டேஷன் கூரையை அண்ணாந்து பார்த்தான்.

"காங்கிரீட். பிரிக்க ரெண்டு நாள் ஆகும்."

இன்ஸ்பெக்டர் வெளியே வந்து கையை நீட்டினார். ஒச்சப்பன் தட்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"தப்பா நினைக்காதீங்க சார். உங்க பேர்ல கேஸ் ஏதாச்சும் இருக்கா?"

"இந்த ஸ்டேஷன்ல இருக்கிற அத்தனை கேஸும் என் பேர்லதான்டா இருக்கு."

"அத்தனையுமா," என்றான் சடையாண்டி, பரிதாபமாக. "அப்ப நீங்களும் தொடக் கூடாது சார்."

கடைசியில் டீ கொண்டுவந்த அம்மாதான் துப்பாக்கியைக் கழற்றி உள்ளே வைத்தது. ஒச்சப்பன் நகரவில்லை.

"பன்னி வருமே சார். கடலை போயிருமே."

இன்ஸ்பெக்டருக்கு இவர்கள் போனால் போதும் என்றிருந்தது. ஒரு மனுத் தாளைத் திணித்தார். "கேஸ் இல்லாத ஆளா, தினம் அந்தக் கொல்லைக்கு வந்து போற ஆளா ஒருத்தரைப் பிடிச்சு மனு போடச் சொல்லு. அவர் பேருக்கு லைசென்ஸ் குடுக்கிறதைப் பார்ப்போம்."

கொல்லை வரப்பில் உட்கார்ந்து கணக்கெடுத்தார்கள்.

"நம்ம ஊர்ல கேஸ் இல்லாத ஆளு?"

"ஒருத்தரும் இல்லண்ணே."

"தினம் கொல்லைக்கு வர்ற ஆளு?"

மூன்று பேரும் மெதுவாகத் திரும்பினார்கள். காட்டுப்பன்றி கடலை தின்றுகொண்டிருந்தது.

"அது யாரையாச்சும் அடிச்சிருக்கா?" என்றான் ஒச்சப்பன்.

"போன மாசம் என்னை முட்டுச்சே மச்சான்."

"நீ கேஸ் குடுத்தியா?"

"இல்ல."

"அப்புறமென்ன?"

ஒச்சப்பனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை நாள் இந்த ஆளையா கல்லெறிந்து விரட்டினோம்? அன்றைக்கே மனுவை எழுதினார்கள். தொழில், விவசாயம். தகப்பன் பெயர், தெரியவில்லை, கரட்டுப் பக்கம். இடது பெருவிரல் ரேகைக்கு எந்தக் காலை வைப்பது என்று மட்டும் இரண்டு நாள் சண்டை. மூன்றாம் நாள் அதுவே வரப்பில் வைத்திருந்த மைப்பெட்டியை மிதித்து, மனுவையும் மிதித்துவிட்டுப் போனது.

திங்கட்கிழமை ஒச்சப்பன் ஸ்டேஷனுக்குப் போய் மனுவை நீட்டினான். இன்ஸ்பெக்டர் குளம்புத் தடத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஆளு எங்கடா?"

"கொல்லையிலதான் சார் இருக்காரு," என்றான் ஒச்சப்பன் பெருமையாக. "ராவும் பகலும் அங்கேயேதான். இன்னும் ரெண்டு பாத்தி பாக்கி. முடிச்சதும் வந்துருவாரு."