உப்பளத்தில் ஓர் ஆலமரம்

தூத்துக்குடிப் பக்கம், உப்பளங்களை ஒட்டியிருந்த பள்ளிக்கூடம் ஒன்றில் திருமேனி என்றொரு ஆசிரியர் இருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். காலமெல்லாம் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் நடத்தியவரைப் பதவி உயர்வு என்று சொல்லி, ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலத்தில் கொண்டுபோய்த் தள்ளிவிட்டார்கள். அவரும் கூச்சம் பார்க்காமல், அதே பள்ளியில் ஆங்கிலம் நடத்திய, தன் மகள் வயதே ஆன எஸ்தர் டீச்சரிடம் பாடம் கேட்டுக்கொண்டார்.

ஒரு நாள் மாலை முகம் வாடி வந்து நின்றார்.

"டீச்சர், உவமையை எப்படிச் சொல்லிக்கொடுக்க?"

"யாருக்கு சார்?"

"இசக்கிக்கு. நல்லா எழுதுற பிள்ளை. இப்பல்லாம் கட்டுரை எழுதச் சொன்னா வெறும் தாளை நீட்டுது. கேட்டா, எனக்கு இங்கிலீஷ் வராது சார்ங்குது. எனக்குச் சோறு இறங்கல டீச்சர்."

"கடைசியா என்ன எழுதுனா?"

நடந்தது இதுதான். 'என் அப்பா' என்ற தலைப்பில் திருமேனி ஒரு கட்டுரையைத் தயாரித்துக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தார். அதில் அப்பா ஓர் ஆலமரம். வகுப்பே அதை மனப்பாடம் செய்து எழுதிக் கொடுத்தது. ஒரே அறைக்குள் அத்தனை ஆலமரம் முளைத்தால் பிள்ளைகள் உட்கார இடம் ஏது என்று அவருக்குத் தோன்றவில்லை. எல்லோருக்கும் அள்ளி மதிப்பெண் போட்டார். இசக்கி மட்டும் இரண்டே வரி எழுதியிருந்தாள். அவர் அதன் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்து, 'உவமை எங்கே?' என்று எழுதினார். அந்தத் தாளை அவள் மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எஸ்தர் டீச்சர், "சனிக்கிழமை மத்தியானம் உப்பளத்துக்கு வாங்க சார். ரெண்டு கட்டுரையையும் கொண்டாங்க" என்றார்.

"உவமைக்கும் உப்பளத்துக்கும் என்ன டீச்சர் சம்பந்தம்?"

"வாங்களேன்."

சனிக்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. பாத்திகளில் உப்பு கண்ணைக் கூசவைத்தது. இசக்கியின் அப்பா சுடலைமணி, நீளக் கைப்பிடி போட்ட பலகையால் உப்பை இழுத்து வரப்பில் சேர்த்துக்கொண்டிருந்தார். இவர்களைக் கண்டதும் பலகையைப் போட்டுவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டே ஓடிவந்தார்.

"வாங்க சார், வாங்க டீச்சர். எம்புள்ள எதுவும் தப்புப் பண்ணிட்டாளா?"

"அதெல்லாம் இல்ல அண்ணாச்சி. அப்பாவைப் பத்தி எப்படி எழுதணும்னு சார் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்காரு. உங்களுக்குத் தமிழ்ல சொல்லுவாரு, கேளுங்க."

திருமேனிக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு தன் கட்டுரையை எடுத்தார்.

"என் தந்தை ஓர் ஆலமரம், அவர் ஆயிரம் விழுதுகளை ஊன்றி, புயலுக்கும் மழைக்கும் அஞ்சாமல், வானளாவக் கிளை விரித்து, நிலவைப் போல் குளிர்ந்து, தேனைப் போல் இனித்து, அவருடைய அடர்ந்த, பரந்த, குளுகுளுவென்ற நிழலிலே..."

மூச்சு வாங்கியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"ஏன் சார் நிறுத்திட்டீங்க?"

"வெயில் தாங்கல டீச்சர்."

"அப்ப அங்கயே ஒரு முற்றுப்புள்ளி வைங்க."

சுடலைமணி கொஞ்ச நேரம் மரியாதையாகக் காத்திருந்தார். பிறகு கேட்டார்.

"நல்லா இருக்கு சார். அது யாரோட அப்பா?"

திருமேனி தாளைப் பார்த்தார். அதில் யார் பெயரும் இல்லை.

"எம்புள்ள என்ன சார் எழுதுனா?"

திருமேனி மற்றத் தாளைப் பிரித்தார். தான் இழுத்த சிவப்புக் கோட்டுக்கு அடியில் இருந்ததைத் தேடிப் படித்து, மெதுவாகத் தமிழில் சொன்னார்.

"என் அப்பா உப்பளத்தில் நிற்கிறார். மத்தியானம் அவருக்கு நிழல் கிடையாது."

சுடலைமணி துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றார்.

"லீவு நாள்ல சோறு கொண்டாருவா சார். தூக்குச்சட்டியைக் குடுத்துட்டு ஓடிருவா. எதையும் பாக்க மாட்டான்னுல்ல நெனச்சேன்."

அவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பினார்.

ஆசிரியர்கள் இருவரும் வரப்பில் நடந்தார்கள். திருமேனியை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"திங்கக்கிழமை அந்தப் பிள்ளை முகத்துல எப்படி டீச்சர் முழிப்பேன்? என்ன சொல்லி ஆரம்பிக்க?"

"நிழலா ஒரு இடம் பாருங்க சார். உக்காந்து பேசுவோம்."

திருமேனி நின்றார். நெற்றியில் கையை வைத்துக்கொண்டு நாலாபுறமும் பார்த்தார். கண்ணுக்கு எட்டிய மட்டும் உப்புதான் கிடந்தது.

"எங்கயும் இல்லையே டீச்சர்."

"அதை இசக்கிகிட்ட சொல்லுங்க சார்."