ஐப்பசி பதினேழுக்கு ஒரு கோடு

ஒரு காலத்தில், வானத்தை அளக்கிற கருவிகள் எல்லாம் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மலை உச்சியில் கூடிப் பேசுவது வழக்கமாக இருந்தது. கூட்டம் மூன்று நாள் நடக்கும். அதை மழைக்காலம் பிறக்கிற நேரத்தில்தான் வைப்பார்கள். மழையை அளக்கிறவர்களை அந்த நேரத்தில் மலைமேல் கூட்டிவைப்பது என்ன புத்தி என்று கேட்காதீர்கள். கூட்டத்துக்கு நாள் குறிக்கிறவர்கள் எந்த ஊரில் மழையைக் கேட்டுக் குறித்திருக்கிறார்கள்?

தலைவர் பாரமானி. காற்றின் அழுத்தத்தை அளந்து அளந்து தானும் அழுத்தமான ஆளாகிவிட்டவர். மனதில் இருப்பதை லேசில் வெளியே விடமாட்டார். ரேடார் ஓயாமல் தலையைச் சுற்றிக்கொண்டே இருக்கும். செயற்கைக்கோள் கீழே இறங்கி வராது, மேலே இருந்தபடியே குரல் கொடுக்கும். சபை நடுவில் கணிப்பான் உட்கார்ந்திருக்கும். எல்லாருடைய ஏடுகளையும் வாங்கிப் படித்து, வரப்போகிற வானிலையைச் சொல்வது அதன் வேலை. அது எந்த ஊருக்கும் நேரில் போனதில்லை. ஏடுதான் அதற்கு உலகம்.

அந்த ஆண்டு ஆனைவாரிக்குளத்துக் கரையிலிருந்து ஒரு மழைமானி வந்திருந்தது. ஒரு புனல், ஒரு குடுவை, அவ்வளவுதான் அதன் உடம்பு. தினமும் காலை எட்டரைக்குச் செண்பகவடிவு என்ற பெண் வந்து, குடுவையில் விழுந்த மழையை அளந்து ஏட்டில் எழுதுவாள். அந்த எண்ணைப் பார்த்துத்தான் குளத்து மடையைத் திறப்பதா மூடுவதா என்று முடிவாகும். கரைக்குக் கீழே மூன்று ஊர்கள் இருந்தன. அந்த மூன்று ஊரும் தன்னை நம்பி இருப்பதாக மழைமானிக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், உழைக்கிறவர்களுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

கூட்டத்தில் ஒரு விதி இருந்தது. ஏட்டில் ஆண்டின் எல்லா நாளுக்கும் எண் இருக்க வேண்டும். ஒரு நாள் விட்டுப்போனாலும் அதற்கு 'ஓட்டை ஏடு' என்று பெயர். ஓட்டை ஏட்டுக்காரரை இருந்த இடத்திலிருந்து பெயர்த்துப் பழைய சாமான் அறையில் போட்டுவிடுவார்கள்.

முதல் நாள் எல்லாரும் ஏடு படித்தார்கள். ஆனைவாரிக்குளத்துக்குத் தண்ணீர் தருகிற ஆற்றின் ஓரத்திலிருந்து வந்த இருபது மழைமானிகள் ஒரு நாள்கூட விடாமல் கடகடவென்று படித்து முடித்துக் கைதட்டல் வாங்கின. பிறகு ஆனைவாரிக்குளத்து மழைமானி எழுந்தது. நிதானமாகப் படித்துக்கொண்டே வந்து, "ஐப்பசி பதினாறு, எண்பத்திரண்டு மில்லிமீட்டர். ஐப்பசி பதினேழு, கோடு" என்றது.

சபையில் சிரிப்பு எழுந்தது. மழைமானி காரணம் சொல்ல வாயெடுத்தது. பாரமானி மணியை அடித்து, எண் மட்டும் போதும், காரணம் கேட்பது இந்தச் சபையின் வழக்கமில்லை என்று உட்காரவைத்துவிட்டார். அதைப் பெயர்த்தெடுக்கும் ஆணை கடைசி நாளில் கையெழுத்தாகும் என்றும் அறிவித்தார்.

மறுநாள் கணிப்பான் அதைத் தனியே அழைத்துப் பேசியது. கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. ஓட்டை ஏடுகளைப் படித்தால் அதற்குத் தலைவலி வரும், அவ்வளவுதான்.

"அந்தக் கோட்டை அழித்துவிட்டு ஒரு சைபர் போட்டுவிடுங்களேன். யாருக்கு என்ன நஷ்டம்?"

"சைபர்னா மழை இல்லைன்னு அர்த்தம், அண்ணாச்சி. கோடுன்னா எனக்குத் தெரியலைன்னு அர்த்தம். ரெண்டும் எப்படி ஒண்ணாகும்?"

"அளக்கிற கருவி தெரியவில்லை என்று சொல்லலாமா? உங்களை யார் நம்புவார்கள்?"

"நான் எண் போட்ட மத்த நாளையெல்லாம் நீங்க நம்பணும்லா? அதுக்குத்தான் அந்த ஒரு கோடு."

கணிப்பான் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போய்விட்டது. சாமான் அறையை நினைத்தபோது மழைமானிக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கோட்டில் கை வைக்க அதற்கு மனம் வரவில்லை.

மூன்றாம் நாள், ஊர்களுக்கு அனுப்பவேண்டிய அறிக்கையைக் கணிப்பான் படித்தது. கடலில் மேகம் திரள்வதாக ரேடார் ஏற்கெனவே சொல்லியிருந்தது. கணிப்பான் அதற்கெல்லாம் அசரவில்லை.

"சென்ற ஐப்பசி பதினேழிலும் இதே காற்று, இதே அழுத்தம். அன்று ஆற்றோரத்து மழைமானிகள் இருபதும் சைபர் காட்டியிருக்கின்றன. ஆகவே நாளை மறுநாள் மழை இல்லை. மடைகளை அடைத்து நீரைத் தேக்கிக்கொள்ளலாம்."

மழைமானிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அனுமதி கேட்காமலே எழுந்து நின்றது.

"அன்னைக்கு நான் தண்ணிக்கு அடியில கெடந்தேன்" என்றது.

ரேடார்கூடத் தலையைச் சுற்றுவதை நிறுத்தியது. பாரமானியின் கை மணிமேல் இருந்தது, ஆனால் அடிக்கவில்லை.

"செண்பகவடிவு எட்டரைக்கு வந்தா. கரையும் தெரியலை, நானும் தெரியலை. இடுப்பளவு தண்ணியில நின்னுக்கிட்டு, அளக்காத தண்ணிக்கு நான் என்ன எண் போடன்னு சொல்லி இந்தக் கோட்டைப் போட்டா. கீழ மூணு ஊர்லயும் வீடு மிதந்துச்சு."

பாரமானி மேலே பார்த்துச் செயற்கைக்கோளைக் கேட்டார். தனக்கு மேகத்தின் முதுகுதான் தெரியும், அது வயிற்றிலிருந்து எவ்வளவு கொட்டியது என்று தெரியாது என்று அது ஒப்புக்கொண்டது.

மழைமானி அந்த இருபது பேர் பக்கம் திரும்பியது. "நீங்கல்லாம் அன்னைக்கு எங்க இருந்தீய?"

இருபதும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. கடைசியில், புனல் நசுங்கிய ஒன்று தலைகுனிந்தபடி சொன்னது: "நானும் அடியிலதான் கெடந்தேன். ஏடு ஓட்டையாயிரக் கூடாதேன்னு சைபர் போட்டுட்டேன்."

அதன்பின் ஒவ்வொன்றாக இருபதும் ஒப்புக்கொண்டன. கணிப்பான் தன் அறிக்கையையே வெறித்துப் பார்த்தது. ஆற்றங்கரையின் மிகப் பெரிய மழையை அது மழையில்லாத நாள் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தது. பாரமானி அந்த அறிக்கையையும் பெயர்த்தெடுக்கும் ஆணையையும் சேர்த்துக் கிழித்தார். பெருமழை வரும், மடைகளைத் திறந்துவிடுங்கள் என்று புது அறிக்கை உடனே ஊர்களுக்குப் போனது.

சொன்னபடியே மழை வந்தது. மடைகள் முந்தின நாளே திறந்திருந்தன. மூன்று ஊர்க்காரர்களும் மேட்டுக்குப் போயிருந்தார்கள். ஊர் திரும்பியிருந்த மழைமானி மறுபடியும் தண்ணீருக்கு அடியில் கிடந்தது. செண்பகவடிவு எட்டரைக்கு வந்து, ஏட்டில் இரண்டாவது கோட்டைப் போட்டாள்.

அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் நிறைய ஏடுகளில் கோடுகள் இருந்தன. யாரும் சிரிக்கவில்லை. கடைசி நாளில் கணிப்பான் அறிக்கையைப் படிக்க எழுந்து, கொஞ்சம் தயங்கி, வாழ்நாளில் முதல்முறையாக, "நாளை என்ன ஆகும் என்று தெரியவில்லை" என்றது.

மழை இல்லை என்று சொல்லியிருந்தால் எல்லாரும் வீட்டில் இருந்திருப்பார்கள். தெரியவில்லை என்று கேட்டதும், மூன்று ஊரும் மண்வெட்டியோடு கரையில் வந்து நின்றது.