வெள்ளிக்கிழமை மாத்திரை

அன்று மருந்தறையில் இருந்தவர்கள் மூன்று பேர். முதியோர் இல்லத்தின் மருந்துப் பொறுப்பாளர் சிஸ்டர் அமலோற்பவம், வயது நாற்பத்து நான்கு. முதியவர்கள் மருந்து சாப்பிடும் விதத்தை அவரிடம் கற்க வந்த கதிரேசன், வயது ஐம்பத்தெட்டு. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் சிங்கராயர், வயது எழுபத்தொன்பது. சிங்கராயரின் மகள் செலின், குவைத்தில் நர்ஸ். பத்து மணிக்குப் போனில் வருவதாகச் சொல்லியிருந்தாள். வரும்வரை அவளைக் கணக்கில் சேர்க்க முடியாது.

கதிரேசன் மாத்திரைக்காக ஒரு ஆப் செய்திருந்தார். நேரம் வந்தால் போன் மணியடிக்கும். விழுங்கிவிட்டுப் பச்சை பட்டனை அழுத்த வேண்டும். இருபது நிமிடத்தில் அழுத்தாவிட்டால் பிள்ளைகளுக்குச் செய்தி போகும்.

"தோத்துட்டேன் சிஸ்டர்," என்றார் கதிரேசன்.

சிஸ்டர் டப்பாக்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எழுத்தைப் பெருசாக்கினேன். சத்தத்தைக் கூட்டினேன். பட்டனை உள்ளங்கை அகலத்துக்குக் கொண்டுவந்தேன். அப்பவும் ஐயா மறக்கிறார்."

"எத்தனை தடவை?"

"இருபத்தெட்டு நாள்ல நாலு. நாலும் சாயங்கால பிரஷர் மாத்திரை. நாலும் வெள்ளிக்கிழமை."

"காலை மாத்திரை?"

"ஒண்ணுகூடத் தப்பலை."

சிங்கராயர் ஜன்னலைப் பார்த்தார். "இந்த வயசுல வெள்ளி எது, சனி எதுன்னு யாருக்குத் தெரியுது தம்பி."

"நேத்து மத்தியானம், வெள்ளிக்கிழமை கறிதான் ஆகாது, மீனுமா கிடையாதுன்னு சமையல்கட்டையே ரெண்டாக்கினீங்களே," என்றார் சிஸ்டர்.

சிஸ்டர் கதிரேசன் பக்கம் திரும்பினார்.

"அந்த நாலு தடவையும் மக கூப்பிட்டாங்களா?"

"செய்தி போன ரெண்டாவது நிமிஷம்," என்றார் கதிரேசன். "வெள்ளி அவங்களுக்கு லீவு. அரை மணி நேரம் திட்டு."

"நாப்பத்தொரு நிமிஷம். அதுக்கு முந்தின வாரம் முப்பத்தாறு," என்றார் சிங்கராயர். சொன்ன பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"நீங்களே கூப்பிடலாமே ஐயா?"

"ஒருநாள் லீவுல துவைக்கணும், சமைக்கணும், தூங்கணும். ஒண்ணுமில்லாத பேச்சுக்கு நான் போய் எழுப்புறதா, சிஸ்டர்?"

கதிரேசன் போனைக் கையில் எடுத்தார்.

"இனிமே அவங்களுக்கும் தொந்தரவு இல்லை ஐயா. செய்தி இங்க இருக்கிற நர்சுக்கே வரும். அவங்க வந்து கையில குடுத்துடுவாங்க. இன்னிக்கு உங்க பொண்ணு சரின்னு சொன்னா மாத்திடுவேன்."

சிங்கராயர் தோள்துண்டை மடித்தார். மடித்ததை விரித்தார்.

"மாத்தித்தான் ஆகணுமா தம்பி?"

"உங்க உயிர் முக்கியம் இல்லையா?"

சிஸ்டர் துடைப்பதை நிறுத்தினார்.

"சாயங்கால மாத்திரை மீதி எத்தனை?"

"போன்லயே இருக்கு. நீங்க முப்பது எண்ணிக் குடுத்தீங்க. பச்சை பட்டனை இருபத்துநாலு தடவை அழுத்தியிருக்கார். ஆறு இருக்கணும்."

சிஸ்டர் மாத்திரை எண்ணும் தட்டையும் குச்சியையும் மேசைமேல் வைத்தார். சிங்கராயரிடம் கை நீட்டினார்.

"முப்பத்திரண்டு வருஷம் டிக்கெட் எண்ணினவன் நான். என் டப்பாவையே செக்கிங் பண்றீங்களா?"

சிஸ்டரின் கை நீட்டியபடியே இருந்தது.

சட்டைப் பையிலிருந்து டப்பா வந்தது.

ஐந்து ஐந்தாகத் தள்ளி எண்ண வேண்டும் என்பது சிஸ்டர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். கதிரேசன் டப்பாவைத் தட்டில் கவிழ்த்துக் குச்சியை வைத்தார். தள்ள ஐந்து இல்லை.

டப்பாவைத் தட்டிப் பார்த்தார். உள்ளே விரல் விட்டுப் பார்த்தார்.

"ஐயா," என்றார்.

சிங்கராயர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. செலின் டியூட்டிக்குப் போகும் பஸ்ஸில் இருந்தாள். ஹாரன் சத்தத்துக்கு நடுவே பேசினாள்.

"நாலு நாள் பிரஷர் மாத்திரை விட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும் சார். ஒவ்வொரு வெள்ளியும் எனக்கு உசிரு போய் உசிரு வருது. நர்ஸ்கிட்டயே விட்டுடுங்க. ஆறு மீதி இருக்கும், இல்லையா?"

கதிரேசன் வாயைத் திறந்தார்.

சிஸ்டர் போனை அவர் கையிலிருந்து வாங்கி, சிங்கராயர் கையில் வைத்தார்.

"சார்? கேட்குதா?"

"நான்தாம்மா."

"அப்பாவா? இன்னிக்கு சனிக்கிழமைப்பா. நீ எப்படிப் போன்ல?"

சிங்கராயர் தட்டைப் பார்த்தார். காதோடு போனை அழுத்திக்கொண்டார்.

"ஏம்ப்பா மறக்கிறே? எத்தனை இருக்கு? எண்ணிச் சொல்லு."

"முப்பது குடுத்தாங்கம்மா," என்றார். "நேத்தோட இருபத்தெட்டு நாள்."

"சரி."

அவர் தட்டில் கிடந்ததை விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளினார்.

"ரெண்டு."