கார்டு எழவில்லை

அப்போது எங்கள் ஆய்வகத்தில் எல்லாருக்கும் ஒரே கம்ப்யூட்டர். மெஷின் என்போம். ஏசி அறை. செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். உள்ளே பிரிண்டர் கரகரவென்று ஓடிக்கொண்டிருக்கும். இப்போது அந்தச் சத்தம் எங்கே இருக்கிறது? விடுங்கள்.

ஹெலன் மேடம்தான் எங்களுக்கு குரு. அதிகம் பேசமாட்டார்.

திருமூர்த்தி ஒரு டிரைவர் எழுதினான். உள்ளே செருகிய புதிய சர்க்யூட் கார்டு ஒன்றை மெஷினோடு பேசவைக்கிற புரோகிராம். முதலில் நினைவகத்தில் இடம் பிடிக்கும். பிறகு பிரிண்டருக்கும் வேண்டிய லைன் ஒன்றைப் பிடிக்கும். கடைசியில் கார்டை எழுப்பும்.

கார்டு எழவில்லை. பிழை என்று சொல்லிவிட்டு டிரைவர் வெளியேறியது. பிரிண்டர் நின்றது. கொஞ்ச நேரத்தில் மெஷினே நின்றது. எல்லார் வேலையும் போச்சு.

"இன்னொரு தடவை நின்னா உனக்கு மெஷின் கிடையாது" என்றார் மேடம்.

"கார்டு செத்துக் கிடக்கு மேடம். என் டிரைவர் ஒழுங்கா பிழைன்னு சொல்லிட்டுத்தானே வந்துச்சு?"

"சாப்பிட்டியா?"

"இல்ல."

"வா."

கேன்டீனில் நல்ல கூட்டம். திருமூர்த்தி ஒரு நாற்காலியில் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடித்தான். தட்டோடு வரிசையில் நின்றான். அவன் முறை வந்ததும் பரிமாறுகிற சகாயம் காலி அண்டாவைச் சாய்த்துக் காட்டினார்.

"தீந்துபோச்சு சார்."

"முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"முன்னாடி இருந்துச்சே!"

தட்டை டங்கென்று வைத்துவிட்டு வெளியே நடந்தான். மேடம் வாசலில் நிறுத்தி, உள்ளே பார் என்று கண் காட்டினார்.

ஸ்டோர்ஸ் வேதாசலம் சாம்பார் சாதத்தோடு நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் காலி நாற்காலி.

"உக்காருங்களேன்" என்றார் மேடம்.

"யாரோ கைக்குட்டை போட்டிருக்காங்க மேடம். வருவாங்க."

திருமூர்த்தி ஓடிப்போய்க் கைக்குட்டையை எடுத்தான். பசியோடு மெஷினுக்குத் திரும்பினான். மாற்றி எழுதினான். கார்டு எழாவிட்டால், கடைசியாகப் பிடித்ததை முதலில் விடு. முதலில் பிடித்ததைக் கடைசியில் விடு. அப்புறம் வெளியே போ.

டிரைவரை ஏற்றினான். கார்டு எழவில்லை. பிரிண்டர் ஓடிக்கொண்டே இருந்தது. மற்றவர்கள் குனிந்த தலையோடு வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் முகம் தொங்கிப்போனது.

"இப்பவும் வேலை செய்யல மேடம்."

"யாராவது தலையைத் தூக்கிப் பாத்தாங்களா?"

"இல்ல."

"அப்ப வேலை செஞ்சிருக்கு. நாளைக்கும் வா."