உலை கொதிக்கிறது

என்னை முதலில் ஏமாற்றியவன் பெயர் நாச்சிமுத்து. காங்கேயம் பக்கம் ஏலச்சீட்டு நடத்தினான். அரிசி ஆலையில் மூட்டை சுமந்து நான் சேர்த்த இரண்டேகால் லட்சம் அவனிடம் இருக்கிறது. அதில் ஒரு பழைய மினி லாரி வாங்கி, ஊரார் லோடைச் சுமப்பதை விட்டுவிட்டுச் சொந்த வண்டி ஓட்ட இருந்தேன். அவனுக்குப் பிறகும் சிலர் என்னை ஏமாற்றினார்கள். முதல் ஆள் அவன்தான்.

சீட்டுப் பணத்தைக் கேட்டால், "வந்துக்கிட்டு இருக்குதுங்கண்ணா" என்பான். ஐப்பசியில் சொன்னான். கார்த்திகையில் சொன்னான். மார்கழியில் வீடு பூட்டிக் கிடந்தது.

அவன் குடிகாரன் இல்லை. சோற்றுக்கு இல்லாதவனும் இல்லை. என் அப்பா செத்தபோது பாடைக்குத் தோள் கொடுத்தவன். அப்படிப்பட்டவன் ஏன் செய்தான்? அதைத் தெரிந்துகொள்ளாமல் கண்ணை மூடமாட்டேன் என்று தை மாதம் மடத்துச் சாமியிடம் கேட்கப் போனேன்.

பழனிக்கு நடந்து போகிறவர்களின் சாலையில் இருக்கிறது மடம். சாமி என்னைவிட இளையவர். யார் காலிலும் விழாத நான் அவர் காலிலும் விழவில்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை. விறகு பிளந்துகொண்டு அவரிடமே தங்கிவிட்டேன்.

ஒரு நாள் மத்தியானம் கேட்டேன்.

"சாமி, நாச்சிமுத்து ஏன் என்னை ஏமாத்துனான்?"

"தெரிஞ்சுக்கக் கேக்கறீங்களா, கோவத்துல கேக்கறீங்களா?"

"கோவத்துலதான் கேக்கறேன்."

சாமி சிரித்தார். "அப்ப முதல்ல வேலை. யாத்திரைக்காரங்க வர்ற நேரம். அரிசி இருக்குதான்னு மாராத்தாகிட்டக் கேட்டுட்டு, வர்றவங்கள உக்கார வைங்க."

மாராத்தாள் மடத்துச் சமையல்காரி. சமையற்கட்டில் அண்டா கழுவிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றே கேட்டேன்.

"அம்மிணி, அரிசி இருக்குதா?"

"நெறைஞ்சிருக்குதுங்கண்ணா."

அது போதும் எனக்கு. ரோட்டுக்குப் போய்ச் சத்தமாகக் கூப்பிட்டேன். "வாங்க வாங்க! ஒருத்தரும் பசியோட போகக் கூடாது. நான் சொல்றேன், உள்ள வந்து உக்காருங்க!"

பச்சை வேட்டிக்காரர்களும் சேலைக்காரர்களும் பந்தி நிறைய உட்கார்ந்தார்கள். இலை போட்டேன். தண்ணீர் தெளித்துத் துடைத்தார்கள். ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருப்பீங்க" என்றார். என்னை அப்படி ஒருவர் வாழ்த்தி வெகு நாளாகியிருந்தது.

சமையற்கட்டுக்குள் போனேன். அடுப்பு எரியவில்லை. அரிசி டிரம்மைத் திறந்தேன். அடி தெரிந்தது.

"என்ன அம்மிணி, நெறைஞ்சிருக்குதுன்ன?"

மாராத்தாள் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, அரிசியப் போய்த் தீந்துபோச்சுன்னு வாயால சொல்லுவாங்களா? தீந்துட்டா நெறைஞ்சிருக்குதுன்னுதானுங்க சொல்றது. லோடு பொழுதெறங்கித்தான் வருது. இது தெரியாதுங்களா உங்களுக்கு?"

எனக்குத் தெரியாது. சின்ன வயதிலிருந்து ஓட்டல் சோறு தின்றவன் நான். ஓட்டலில் தீர்ந்தால் தீர்ந்தது என்பார்கள்.

"அண்ணா, சோறு வருதுங்களா?" பந்தியிலிருந்து குரல் வந்தது.

வெளியே போனேன். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். அந்தப் பெரியவரும் பார்த்தார். கொடுத்த வாக்கில் ஒரு நாள்கூடத் தவறாதவன் நான். என் வார்த்தையை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"உலை கொதிக்குதுங்க," என்றேன். "இதோ ஆச்சு."

அவர்கள் முகம் தெளிந்தது. பார்க்க எனக்கும் நன்றாக இருந்தது.

உள்ளே வந்ததும் மாராத்தாள் கேட்டாள். "எந்த உலைங்கண்ணா?"

"பேசாம இரு. மளிகைக் கடையில ஒரு மூட்டை கடன் சொல்லி வாங்கிட்டு வந்தர்றேன்."

"கடைக்காரரும் மாலை போட்டு நடந்து போயிட்டாருங்களே."

மறுபடியும் கூப்பிட்டார்கள். மறுபடியும் போனேன். "வெந்துக்கிட்டு இருக்குதுங்க," என்றேன். முதல் தடவை இருந்த தடுமாற்றம் இந்தத் தடவை இல்லை.

திரும்பி வந்தபோது சமையற்கட்டின் பின்கதவு திறந்து கிடப்பதைப் பார்த்தேன். அந்தப் பக்கம் சோளக்காடு. ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. இறங்கிப் போனால் ஒருத்தருக்கும் தெரியாது.

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பிறகு பந்திக்கு நடுவில் போய் நின்றேன். தோளில் கிடந்த துண்டை எடுக்கவில்லை.

"சோறு இல்லைங்க. அடுப்பே பத்த வைக்கல. கொதிக்குதுன்னதும் பொய், வேகுதுன்னதும் பொய். மேட்டுக்கு அந்தப் பக்கம் இன்னொரு பந்தல் இருக்குது. அங்க போங்க."

எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள்.

"உக்கார வச்சுப் படம் காட்டறதுக்கு இதென்ன சினிமாக் கொட்டாயா?"

"எலையத் திங்கச் சொல்றாரு. நம்மள வெள்ளாடுன்னு நெனச்சுட்டாராட்ட இருக்குது."

"முருகனுக்கு நடக்கறவங்ககிட்டயே பொய்யா? வெளங்குமாய்யா நீ?"

எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். தலை குனியவில்லை. கடைசி ஆள் எழுந்து போகிறவரை நகரவில்லை. கையைப் பிடித்த பெரியவர் என் பக்கம் திரும்பாமலே போனார்.

இலைகளை நானே எடுத்தேன். சாமியும் வந்து குனிந்து எடுக்க ஆரம்பித்தார்.

"எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"அந்தப் பெரியவர் மூஞ்சியப் பார்த்துக்கிட்டு இல்லைன்னு சொல்ல வாய் வரல."

"அவங்க காசு ஏதாவது உங்க மடியில இருந்துச்சா?"

"ஒரு பைசா இல்ல."

"இருந்திருந்தா?"

நான் இலையை மடித்தேன்.

"பின்கதவப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

சாமி அடுத்த இலையை எடுக்கப் போனார். நான் விடவில்லை.

"பார்த்தேன் சாமி. ஆனா போகல. வந்து அவங்க முன்னாடி நின்னேன். நாச்சிமுத்து நிக்கல."

"ஆமா. நீங்க நின்னீங்க," என்றார்.

அவர் வாயால் அதைக் கேட்டபோது என் முதுகு தானாக நிமிர்ந்தது. நிமிர்ந்தபடியே கேட்டேன்.

"அவன் ஏன் செஞ்சான்னு இப்பத் தெரியுது. தெரிஞ்சதால அவன விட்டுரச் சொல்றீங்களா?"

சாமி இலைக்கட்டைத் தூக்கி என் கையில் கொடுத்தார்.

"காரணத்த என்கிட்டக் கேட்டீங்க. பணத்த அவன்கிட்டக் கேளுங்க."