சலேத்தம்மாள் அடிக்காத மணி

அந்தக் கடற்கரையில் குருவுக்கு வயது முப்பத்தாறு, சீடருக்கு அறுபத்தொன்று. சிரிக்காதீர்கள், நிஜம்தான்.

குருவின் பெயர் ஜெசிந்தா. ஐஸ் கம்பெனியில் வேலை. ஊர்க்காரர்கள் தாங்களாகவே சேர்ந்து நடத்தும் உயிர்காப்புப் படகுக்கு அவள்தான் தலைவி. சீடர் தொபியாஸ், ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர். வீட்டில் சும்மா உட்கார்ந்தால் உடம்பு துருப்பிடித்துவிடும் என்று அவராகவே வந்து ஒட்டிக்கொண்டவர்.

படகுக் கொட்டகை வாசலில் ஒரு மணி தொங்கும். கடலுக்குப் போனவர் திரும்பவில்லையே என்று யாருக்கு மனசு அடித்துக்கொண்டாலும் வந்து அடிக்கலாம். மணி கேட்டால் ஏழெட்டுப் பேர் போட்டது போட்டபடி ஓடி வருவார்கள். சிமென்ட் சரிவின் தலைமாட்டில் சக்கர வண்டிமேல் படகு தயாராக நிற்கும். நாலு பேர் ஏறிக்கொள்ள, மிச்சப் பேர் வண்டியின் பின்னால் கட்டிய வடத்தைப் பிடித்துக்கொண்டு, ஜெசிந்தா "விடு... விடு... பிடி!" என்று சொல்லச் சொல்ல, மெல்லத் தண்ணீருக்கு இறக்குவார்கள். அந்த வடத்தைப் பிடிப்பதில் தொபியாஸுக்கு அப்படி ஒரு சந்தோஷம். முப்பத்தைந்து வருஷம் முத்திரை குத்திய கைக்கு இப்போதுதான் வேலை கிடைத்திருக்கிறது என்பார்.

ஒருநாள் மத்தியானம் சலேத்தம்மாள் மணியடித்தாள். பன்னிரண்டு மணிக்கே கரை சேர வேண்டிய அவள் புருஷன் கஸ்பார் இரண்டாகியும் வரவில்லை. படகு போயிற்று. ஒன்றரை மணி நேரம் தேடிவிட்டு வெறுமனே திரும்பியது. என்ஜின் மக்கர் பண்ணியதால் கஸ்பார் பக்கத்து ஊரில் கரையேறி, மச்சான் வீட்டில் மீன் குழம்பும் சோறுமாக உட்கார்ந்திருந்தானாம்.

தொபியாஸுக்கு வடம் உரசிய உள்ளங்கை எரிந்தது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏம்மா, மச்சானுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கக் கூடாதா? எங்களையெல்லாம் வேலைவெட்டி இல்லாதவங்கன்னு நினைச்சியா?"

சலேத்தம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தலை குனிந்தபடி போய்விட்டாள். ஜெசிந்தா வாளியில் நல்ல தண்ணீர் எடுத்துப் படகைக் கழுவ ஆரம்பித்தாள்.

தொபியாஸ் பக்கத்தில் போய் நின்றார்.

"அம்மா, ஒரு சந்தேகம். நிஜ மணி எது, வெத்து மணி எதுன்னு முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"படகை இறக்கிப் பார்த்துத்தான், சார்."

"அப்போ இன்னைக்குப் போனது வீண்தானே?"

"கஸ்பார் உயிரோட இருக்கான்ல?"

"ஓ, நல்லாவே இருக்கான். ரெண்டாவது தடவை சோறு வாங்கிட்டிருக்கான்."

"அப்புறம் என்ன? அந்தத் துணியை இப்படிக் குடுங்க."

இதெல்லாம் ஒரு பதிலா என்று வீடு போய்ச் சேரும்வரை தொபியாஸ் முணுமுணுத்தார்.

பத்து நாள் போயிற்று. அன்று கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. கொட்டகையைப் பார்த்துக்கொள்வது தொபியாஸின் முறை. மூன்று மணிக்கு ஜன்னல் வழியே பார்த்தால், மணிக்குக் கீழே சலேத்தம்மாள். கடலைப் பார்ப்பாள். கயிற்றைப் பார்ப்பாள். கயிறு வரைக்கும் கை போகும், திரும்பிவிடும்.

போய் என்னவென்று கேட்போமா என்று அவருக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனால் திட்டின நாளிலிருந்து அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அவசரம் என்றால் அவளே அடிப்பாள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, மடித்து வைத்த மிதவைச் சட்டைகளை எடுத்து மறுபடியும் மடித்தார்.

நாலு மணிக்கு வேலை முடிந்து ஜெசிந்தா வந்தாள்.

"என்னக்கா, இங்க நிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல ஜெசி. விடியக்காலம் போன மனுசன்..." சலேத்தம்மாள் கடல் பக்கம் கையைக் காட்டினாள். "இன்னைக்கும் எங்கயாவது சாப்பிட்டுட்டு இருந்தார்னா, சார் திட்டுவாரு."

ஜெசிந்தா எட்டிக் கயிற்றைப் பிடித்து மணியை அடித்தாள். ஊரே திரும்பிப் பார்க்கிற அடி.

ஓடி வந்தார்கள். அலை சரிவின் பாதிவரை ஏறி வந்து இழுத்தது. "விடு... விடு... பிடி!" வடம் உள்ளங்கையை அறுத்தது தொபியாஸுக்குத் தெரியவே இல்லை. மாதாவே, அவன் இன்றைக்கும் எங்கேயாவது உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும், அது போதும் என்று வாய்விட்டே வேண்டிக்கொண்டார்.

சூரியன் சாயும் நேரத்தில் படகு திரும்பியது. கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த கஸ்பாரைப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். விரல்கள் மரத்துப்போயிருந்தன. கொஞ்சம் தாமதித்திருந்தால் பிடி விட்டிருக்கும் என்றான். சலேத்தம்மாள் அவன் முதுகில் நாலு சாத்து சாத்தினாள், கட்டிக்கொண்டு அழுதாள், பிறகு சிரித்தாள். யாரோ ஒரு கேத்தல் நிறையத் தேநீர் கொண்டுவந்தார்கள். கரையே கல்யாண வீடாகிவிட்டது.

தொபியாஸுக்கு மட்டும் தேநீர் இறங்கவில்லை. ஜெசிந்தா படகைக் கழுவும் இடத்துக்கு வந்தார்.

"அம்மா, யாருக்கும் தெரியாத ஒண்ணு சொல்லணும். அவங்க மூணு மணிக்கே வந்துட்டாங்க. நான் பார்த்தேன். பார்த்தும் பேசாம இருந்துட்டேன்."

கழுவிக்கொண்டிருந்த கை நின்றது.

"நீங்க திட்டின அன்னைக்குச் சாயங்காலமே அவங்க வீட்டுக்குப் போய், எத்தனை தடவை வேணும்னாலும் அடிங்கக்கான்னு சொல்லிட்டு வந்தேன்," என்றாள் ஜெசிந்தா. "பத்தலை பாருங்க."

தொபியாஸுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நான் திட்டினப்பவே என்னை எல்லார் முன்னாடியும் நாலு கேள்வி கேட்டிருக்கணும்மா நீங்க. அப்பதான் எனக்கு உறைச்சிருக்கும்."

ஜெசிந்தா அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"கேட்டிருந்தா, இப்போ இதை என்கிட்ட வந்து சொல்லியிருப்பீங்களா, சார்?"